சென்சாரை மாற்றியும் மஞ்சள் லைட் அணையவில்லையா?

என் மச்சான் கடலூர் முதுநகரில் ஒரு பழைய பிக்கப் வண்டி ஓட்டுகிறார். துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் மீன் பெட்டிகளை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் போகும் வண்டி. 2018 மாடல், பாரத் ஸ்டேஜ் 4, காமன் ரயில் டீசல் இன்ஜின், அதாவது ‘ரயில்’ என்ற ஒரே குழாயில் டீசலை அதிக அழுத்தத்தில் வைத்து எல்லா இன்ஜெக்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் வகை. வருஷத்தை எண்ணினால் அப்படி ஒன்றும் கிழடு இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடும் வண்டிக்கு வயது இரண்டு மடங்காக ஏறும்.

ஒரு நாள் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. கூடவே இழுவையும் போய்விட்டது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40-ஐத் தாண்டவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் கம்ப்யூட்டர் குறித்துவைத்ததைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ரயில் குழாயின் டீசல் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சார் என்று வந்தது, மாற்றினார்கள். நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் அதே லைட். இந்த முறை டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சார் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். ஒரு வாரம் போனது. மறுபடியும் ரயில் பிரஷர். “போன தடவை போட்டது டூப்ளிகேட்டா இருக்கும், ஒரிஜினல் போடுவோம்” என்று மூன்றாவது சென்சாரும் உள்ளே போனது. லைட் மட்டும் வெளியே போகவில்லை.

“மச்சான், இது சென்சார் கோளாறே இல்ல. கண்திருஷ்டி” என்றார் அவர்.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். அது ஏன் என்று புரிய, முதலில் ஸ்கேனர் காட்டும் அந்தக் கோடு எண்ணுக்கு, அதாவது கோளாறுக் குறியீட்டுக்கு, என்ன அர்த்தம் என்று பார்த்துவிடலாம்.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், அதாவது இசிஎம், ஒரு மூடிய பெட்டி. அதற்குக் கண் கிடையாது. டீசல் அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்பதெல்லாம் அதற்கு வயர் வழியாக வரும் வோல்டேஜ்தான். அந்த வோல்டேஜ் நம்பமுடியாத அளவுக்குப் போனால் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு லைட்டைப் போடும். மச்சான் வண்டியில் வந்த எண் பி 0192. அதன் முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், ‘ரயில் பிரஷர் சென்சார் சர்க்யூட்டில் வோல்டேஜ் குறைவு’. இதில் ‘சர்க்யூட்’ என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் படிப்பதில்தான் தொல்லை ஆரம்பமாகிறது. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் இல்லை. சென்சார், வயரை அதில் மாட்டும் கப்ளர், அங்கிருந்து இசிஎம் வரை ஓடும் வயர்கள், இசிஎம்மில் வயர் சேரும் ஊசி போன்ற பின், கரண்ட் திரும்பும் எர்த் எல்லாம் சேர்ந்தது.

ஒருவருக்குப் போன் போடுகிறீர்கள். ‘நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்’ என்று வருகிறது. உடனே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றா முடிவு கட்டுவோம்? டவர் இல்லையா, பேட்டரி தீர்ந்ததா, நம் போனில்தான் கோளாறா என்று யோசிப்போம். கோடு எண்ணைப் பார்த்ததும் சென்சார் வாங்கக் கடைக்குப் போவது, அந்தக் குரலைக் கேட்டதும் மாலை வாங்கப் போவது மாதிரி.

எண்ணைப் படிக்கவும் ஒரு சின்ன முறை இருக்கிறது. முதலில் வரும் ‘பி’ இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது என்று சொல்கிறது. ‘யூ’ என்று வந்தால் கம்ப்யூட்டர்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது. அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 வந்தால் அந்தக் கம்பெனி தனக்கென வைத்துக்கொண்டது, அதற்கு அவர்களுடைய புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். மற்றபடி எண்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெயரின் கடைசியில் ‘குறைவு’ என்று இருக்கிறதா, ‘அதிகம்’ என்று இருக்கிறதா என்பதைத்தான் விடாமல் கவனிக்க வேண்டும்.

மூன்று வயரும் ஒரு படியும்

பெரும்பாலான அழுத்த சென்சார்களுக்கு மூன்று வயர். ஒன்றில் இசிஎம் 5 வோல்ட் அனுப்பும். இன்னொன்று எர்த். மூன்றாவது சிக்னல், சென்சார் பதில் சொல்லும் வயர்.

இந்த 5 வோல்ட்டை அரிசிக்கடைப் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். படி சரியாக இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். படி நசுங்கியிருந்தால் பொன்னி அரிசியும் குறையும், இட்லி அரிசியும் குறையும், உளுந்தும் குறையும். அரிசியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வண்டியிலும் ஒரே 5 வோல்ட் வயரைப் பல சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்த வயர் எங்கேயாவது இரும்பில் உரசிவிட்டால் அதில் தொங்கும் எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். பாவம், அவற்றின் மேல் தப்பு இல்லை.

இன்னொரு நுணுக்கம். சென்சார்கள் 0 முதல் 5 வரை முழுதாகப் பேசுவதில்லை. பொதுவாக 0.5 வோல்ட்டில் ஆரம்பித்து 4.5-க்குள் முடித்துக்கொள்ளும். அழுத்தமே இல்லை என்றாலும் 0.5 வரும். ஏன் அப்படி வைத்தார்கள்? ‘அழுத்தம் பூஜ்யம்’ என்பதும் ‘வயர் அறுந்துவிட்டது’ என்பதும் வேறு வேறு என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அதற்காகத்தான் இரண்டு ஓரத்திலும் இடம் விட்டிருக்கிறார்கள். 0.1 வோல்ட் வந்தால் அது சென்சார் சொன்ன அளவாக இருக்க முடியாது, வழியில் ஏதோ நடந்திருக்கிறது. 4.9 வந்தாலும் அப்படியே.

ஆக, ‘குறைவு’ என்று வந்தால் 5 வோல்ட் வந்து சேரவில்லையா, சிக்னல் வயர் எர்த்தில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘அதிகம்’ என்று வந்தால் சென்சாரின் எர்த் வயர் அறுந்திருக்கலாம், அல்லது சிக்னல் வயர் 5 வோல்ட்டோடு ஒட்டியிருக்கலாம். சிக்னல் வயரே அறுந்தால் வண்டியைப் பொறுத்து இரண்டில் எதுவும் வரும். இவ்வளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

கப்ளரைக் கழற்றினால் என்ன சொல்கிறது?

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின், அதாவது கூலன்ட்டின், சூட்டை அளக்கும் சென்சாருக்கு இரண்டே வயர். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னப் பொருள். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் 300 சொச்சத்துக்கு இறங்கிவிடும். இதைச் சோதிப்பதுதான் புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு முதல் பாடம் என்பேன், ஏனென்றால் மல்டிமீட்டர்கூட வேண்டாம்.

ஸ்கேனரைச் சொருகி, சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் கூலன்ட் சூட்டைத் திரையில் வையுங்கள். இப்போது சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். வயர் திறந்து கிடப்பதால் கம்ப்யூட்டருக்கு மின்தடை எல்லை இல்லாமல் தெரியும், ‘ரொம்பக் குளிர்’ என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 40 டிகிரி காட்டும். கடலூரில்! சில வண்டிகள் கோளாறு என்று தெரிந்ததும் தாங்களாகவே ஒரு அளவை வைத்துக்கொள்ளும், அதற்கு ஏமாந்துவிடக் கூடாது. அடுத்து, கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு மெல்லிய வயரால் இணையுங்கள். சூடு ஒரேயடியாக 130-க்கு மேல் ஏறும். இந்த இரண்டும் சரியாக நடந்தால் கப்ளர் முதல் இசிஎம் வரை வயரும் நலம், இசிஎம்மும் நலம். அப்போது மட்டும்தான் சென்சாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். இணைத்த பிறகும் மைனஸ் 40-லேயே நின்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, புது சென்சார் வாங்கும் காசு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. பின்களை இணைக்கும் வேலை இந்த இரண்டு வயர் வெப்ப சென்சாருக்கு மட்டும்தான். மூன்று வயர் கப்ளரில் இதைச் செய்து பார்க்காதீர்கள். இன்ஜெக்டர் வயர் பக்கம் மீட்டரோடு போகவே வேண்டாம், அங்கே வோல்டேஜ் மிக அதிகம். இன்ஜின் ஓடும்போது டீசல் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்துவது அதைவிட மோசம். 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும் இடம் அது, பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எல்லா சென்சாரையும் சேர்த்துப் பார்க்கச் செலவில்லாத வேறு சோதனை இருக்கிறது. வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, டீசல் சூடு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்றும் ராத்திரி ஒரே இடத்தில்தான் தூங்கின. இரண்டு 27 சொல்லி ஒன்று மட்டும் 48 சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ரயில் பிரஷர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் எண் குதிக்காமல் ஏற வேண்டும்.

பூஸ்ட் சென்சாருக்கு நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இன்ஜின் ஓடாதபோது அது அளப்பது வெறும் காற்றழுத்தத்தை. கடல் மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். கடலூரோ புதுச்சேரியோ, வண்டி நிற்பது கடற்கரையில்தான், அதனால் 100-ஐ ஒட்டி ஏதாவது காட்டினால் சரி. ஊட்டியில் நிற்கும் வண்டியில் இதே சென்சார் 78-க்குப் பக்கம் காட்டும், அங்கே அதுதான் சரி. சில ஸ்கேனர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துவிட்டு 0 என்று போடும், அதையும் நினைவில் வையுங்கள்.

களிம்பு

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் பச்சையாகக் களிம்பு ஏறும் என்று பாட்டிகள் திட்டுவார்கள். அதே களிம்புதான் கடலோர வண்டிகளின் கப்ளர்களில் ஏறுகிறது. செம்பும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சை பூக்கும். ஐஸ் உருகி மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியாகக் கீழே சேஸிஸ் மேல் சொட்டும். அங்கேதான் வயர்களைக் கட்டாகக் கொண்டுபோகும் வயரிங் ஹார்னஸ் ஓடுகிறது. மழையில் ஓடிய வண்டியைக் கழுவி விடுவார்கள், மீன் ஏற்றிய வண்டியின் மேல்பக்கத்தையும் கழுவுவார்கள். அடிப்பக்கத்தை யார் கழுவுகிறார்கள்?

இதில் வம்பு என்னவென்றால் களிம்பு கப்ளரோடு நிற்பதில்லை. வயர் என்பது பல மெல்லிய இழைகள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் இன்சுலேஷனுக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் வயர் பளபளவென்று இருக்கும். உரித்தால் உள்ளே கறுப்பும் பச்சையுமாகப் பொடி. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த சமயத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டி ஒன்றைப் பிறகு பார்த்தேன். தண்ணீர் வடிந்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம். பல மாதம் கழித்து ஒவ்வொரு கோடாக வர ஆரம்பித்திருக்கிறது. உரித்துப் பார்த்தால் கப்ளரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு வயர் செத்திருந்தது.

இதனால்தான் வயரில் குண்டூசியைக் குத்தி வோல்டேஜ் பார்க்கும் பழக்கம் நம் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்கிறேன். குத்திய ஓட்டை உப்புக்குத் திறந்த வாசல். கப்ளரின் பின்பக்கமாக, ரப்பர் சீலின் ஓரத்தில் மெல்லிய பின்னை நுழைத்துத் தொடுவதுதான் முறை.

மல்டிமீட்டரிலும் ஒரு ஏமாற்று உண்டு. அது குடிக்கும் கரண்ட் கொசு குடிக்கும் ரத்தம் அளவுதான். 20 இழையில் 19 செத்துப்போய் ஒன்று மட்டும் பிழைத்திருந்தாலும் மீட்டர் ‘12 வோல்ட் இருக்கிறதே’ என்று சிரிக்கும். அதனால் இசிஎம்முக்குப் பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் வயர், அதன் எர்த் வயர் இரண்டையும் சோதிக்கும்போது இசிஎம் கப்ளரைக் கழற்றிவிட்டு அந்த வயர்களில் ஒரு பிரேக் லைட் பல்பை மாட்டிப் பார்ப்பார்கள் பழைய எலக்ட்ரீஷியன்கள். 21 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தால் வயருக்குச் சுமை தூக்கும் தெம்பு இருக்கிறது. மங்கலாக எரிந்தால் இல்லை. ஆனால் சென்சாரின் 5 வோல்ட் வயரிலோ சிக்னல் வயரிலோ பல்பை மாட்டக் கூடாது, இசிஎம் கெட்டுப்போகலாம்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பழைய வண்டியில் வரும் விசித்திரமான கோளாறுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். ஹெட்லைட் போட்டால் கூலன்ட் முள் அசைகிறதா? ஹாரன் அடித்தால் மஞ்சள் லைட் மின்னுகிறதா? இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருவில் தளர்ந்திருக்கும். பேட்டரி மைனஸில் மீட்டரின் ஒரு முனை, இன்ஜின் இரும்பில் இன்னொரு முனை. யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல் திணறுகிறது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு தெரியும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும். பத்து ரூபாய் வேலை. ஆனால் ஸ்கேனரில் ‘எர்த் பட்டை’ என்று ஒரு நாளும் வராது.

சென்சார் நிஜமாகவே கெட்டுப்போவதில்லையா என்று கேட்பீர்கள். போகும். இன்ஜின் சுற்றுவதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார் அதற்குப் பேர்போனது. வண்டி சூடானதும் நட்டநடு ரோட்டில் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். காயில் வைத்த வகையாக இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து விட்டுவிட்டு, ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நின்ற உடனே, சூட்டோடு, அதன் ஓம் அளவைப் பார்த்தால்தான் பிடிபடும். ஆறிய பிறகு பார்த்தால் உத்தமன் மாதிரி அளவு காட்டும். கழற்றும்போது அதன் நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் முதலில் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

இசிஎம்மைச் சந்தேகிப்பது கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கல்யாணத்தில் பாயசம் மாதிரி, எல்லாம் முடிந்த பிறகு.

மச்சான் வண்டிக்கு வருவோம்

முதுநகரில் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மச்சானை அவரிடம் கூட்டிப்போனேன். லைட் எரியும்போதே கொண்டுவரச் சொன்னார். “வர்றதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிக் கோடை அழிச்சிடாதீங்க. திருடன் வந்த தடத்தைக் கூட்டிப் பெருக்கிட்டு போலீஸைக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும்” என்றார்.

ஸ்கேனரில் மூன்று கோடுகள் இருந்தன. பி 0192, ரயில் பிரஷர் குறைவு. பி 0237, பூஸ்ட் சென்சார் குறைவு. கடைசியில் பி 0651. அது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் லைன்களில் ஒன்றில் கோளாறு என்கிற எண்.

“இது முன்னாடியும் இருந்துச்சா?” என்று அண்ணன் கேட்டார். மச்சான் போனில் எடுத்து வைத்திருந்த பழைய ஸ்கேனர் படத்தைக் காட்டினார். முதல் நாளிலிருந்தே அந்த மூன்றாவது எண் கீழே உட்கார்ந்திருந்தது. யாரும் அதைச் சீண்டவில்லை. ரயில் பிரஷர் சென்சார் கடையில் கிடைக்கும், பூஸ்ட் சென்சார் கடையில் கிடைக்கும். ‘5 வோல்ட் லைன்’ எந்தக் கடையில் கிடைக்கும்?

அண்ணன் அடுத்துப் பார்த்தது, கோடு விழுந்த நொடியில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று கம்ப்யூட்டர் பிடித்து வைக்கும் பதிவை. ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று இருக்கும், முதல் கோடோடு சேர்த்துக் கிடைக்கும். வேகம் 20 சொச்சம், இன்ஜின் சுமை 90 சதவீதத்துக்கு மேல். மச்சானுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. “ஆமா அண்ணே, முழு லோடோட மேம்பாலம் ஏறும்போதுதான் போவும். காலி வண்டியில ஒரு நாளும் வந்ததில்ல.”

நின்றுகொண்டிருக்கும்போது பூஸ்ட் சென்சார் கப்ளரில் 5 வோல்ட் கச்சிதமாக இருந்தது. அந்த லைனில் தொங்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மீட்டரில் 5.01 தான். அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு மரக்கட்டையை அணை கொடுத்து, கடப்பாரையால் இன்ஜினை ஒரு பக்கமாக லேசாக நெம்பினார். சுமை இழுக்கும்போது இன்ஜின் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம். இன்ஜின் ஓடவில்லை, சாவி மட்டும் ஆன்.

5.01 இருந்த இடத்தில் 0.00.

கடப்பாரையை விட்டார், மறுபடி 5. நெம்பினார், 0. சென்சார் ஒன்றுகூட மாட்டியில்லை. அப்படியென்றால் லைனை எர்த்தில் இடிப்பது சென்சார் இல்லை, வயரேதான். படி நசுங்கும் இடம் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடினோம். இன்ஜினின் பின்பக்கம் ஒரு இரும்புப் பட்டையை ஒட்டி ஹார்னஸ் வளைந்து போகிற இடத்தில் நெளிகுழாய் தேய்ந்து கிழிந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு வயரில் நொய் அளவுக்குச் செம்பு தெரிந்தது.

அதைச் சுற்றி டேப் அடித்து அனுப்பியிருக்கலாம். ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆனால் இத்தனை வருஷம் உரசாத வயர் இப்போது ஏன் உரசுகிறது? கீழே குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பிளந்து கிடந்தது. சுமை ஏறும்போதெல்லாம் இன்ஜின் கூடுதலாகச் சாய்ந்து ஹார்னஸை இரும்பில் அழுத்தியிருக்கிறது. ரயில் பிரஷர் சென்சாருக்கும் மவுண்டிங் ரப்பருக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் இனி நான் சொல்லிவிடுவேன்.

மவுண்டிங்கை மாற்றினார். வயரின் தேய்ந்த துண்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது வயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை வைத்த ஹீட் ஸ்லீவ் போட்டுச் சுருக்கினார். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது கடலூரில் ஒரு மழைக்குத் தாங்காது, டேப்பின் உள்ளே ஈரம் தங்கிவிடும். பிறகு ஹார்னஸை அந்தப் பட்டையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி டை போட்டுக் கட்டினார். மற்ற கப்ளர்களில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, கொஞ்சம் எலக்ட்ரிகல் கிரீஸும் வைத்தார். கோடுகளை அழித்துவிட்டு, லோடு ஏற்றி மேம்பாலம் ஏறிவிட்டு வரச் சொன்னார். காலி வண்டியில் ஓட்டிப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று சொல்வதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. எந்த நிலையில் கோளாறு வந்ததோ அதே நிலையில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றார். மச்சான் மறுநாள் முழு லோடோடு இரண்டு முறை ஏறி இறங்கினார். லைட் வரவில்லை. கழற்றிப் போட்ட பழைய ஒரிஜினல் சென்சார்கள் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை அவரிடமிருந்து போன். குரலில் பதற்றம் இல்லை.

“மச்சான், லைட் எரிஞ்சுது. பி 0118, கூலன்ட் சென்சார் சர்க்யூட்ல வோல்டேஜ் அதிகம். உன் புளூடூத் ஸ்கேனர் டப்பாவைச் சொருகிப் பார்த்தேன், மைனஸ் நாப்பது காட்டுது. சென்சார் வாங்கல. கப்ளரைக் கழட்டினேன், பின்னு ரெண்டும் பச்சைப் பசேல்னு இருக்கு. அந்த கிளீனர் ஸ்பிரே எந்தக் கடையில வாங்கினே?”